தாடைக் கட்டி நீரில் புரதம் 3.4 என்றால் என்ன அர்த்தம்? பயாப்சி இன்னும் எதற்கு?

கேள்வி இதுதான்: "அண்ணனுக்கு 29 வயது. கீழ்த்தாடையில் வலப்பக்கம், ஞானப்பல் இருக்கிற இடத்தில் நீர்க்கட்டி. வலியும் இல்லை, வீக்கமும் பெரிதாகத் தெரியவில்லை. வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்தபோது கண்டுபிடித்தார்கள். ஊசி போட்டு நீர் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் டோட்டல் புரோட்டீன் 3.4 கிராம், அல்புமின் 2.6, கெரட்டின் செதில்கள் உள்ளன என்று இருக்கிறது. டாக்டர் ஓகேசியாக இருக்கலாம் என்கிறார். ஆனால் பயாப்சி பார்த்த பிறகுதான் ஆபரேஷன் என்கிறார். நீர் டெஸ்டே சொல்லிவிட்டதே, திரும்ப எதற்குச் சதை எடுக்க வேண்டும்? நெட்டில் தேடினால் ட்யூமர் என்று வருகிறது. இது புற்றுநோயா?"

பயத்தை முதலில் முடித்துவிடலாம். ஓகேசி, அதாவது ஒடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட், புற்றுநோய் கிடையாது. நெட்டில் ட்யூமர் என்று வருவதற்கு ஒரு காரணம் உண்டு. திரும்பத் திரும்ப வருகிறது, உறையின் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, பிடிசிஎச்1 மரபணுவில் மாற்றம் தென்படுகிறது என்றெல்லாம் பார்த்து, உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதை ட்யூமர் பட்டியலில் சேர்த்துப் பெயரையே மாற்றியது. 2017-இல் மறுபடி நீர்க்கட்டிப் பட்டியலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் எல்லாம் பழைய பெயரோடு இன்னும் நெட்டில் கிடக்கின்றன. நீங்கள் பார்த்தது அவற்றில் ஒன்றாக இருக்கும். தாடை நீர்க்கட்டியின் உறையில் புற்றுநோய் தோன்றுவது மிக மிக அபூர்வம். அதை நினைத்து உட்கார்ந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அந்த 3.4-க்கு வருவோம். பல் மருத்துவக் கல்லூரி லேபில் இருபது வருடத்துக்கு மேல் உயிர்வேதியியல் பார்க்கிறேன். தாடை நீர் சாம்பிள் மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். ஆனால் வரும் ஒவ்வொன்றோடும் உங்கள் கேள்வியும் கூடவே வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கட்டிக்குள் நீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நீர்க்கட்டி என்பது எலும்புக்குள் இருக்கும் ஒரு பை. பையின் உட்புறம் தோல் மாதிரி ஒரு மெல்லிய உறை. அந்த உறைக்கு வெளியே, பையின் சுவரில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. குழாயிலிருந்து கசியும் இரத்தத்தின் நீர்ப்பகுதி அந்த உறையைத் தாண்டி உள்ளே போய்ச் சேர்கிறது. கூடவே உறையிலிருந்து உதிரும் செல்களும் அவை சிதைந்த எச்சங்களும் சேர்கின்றன. ஆக, நாம் ஊசியில் இழுப்பது பெரும்பாலும் ஒரு சல்லடை வழியாக வடிந்த இரத்த நீர். லேப் அளப்பது நீரை. ஆனால் அந்த எண் பேசுவது சல்லடையைப் பற்றி. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

நம் இரத்த நீரில் 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் வரை புரதம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் அல்புமின், மிச்சம் குளோபுலின் வகைகள். அல்புமின் சின்ன மூலக்கூறு, எடை சுமார் 66,000 டால்டன். குளோபுலின்களில், நோய் எதிர்ப்புக்கான ஐஜிஜி 1,50,000. ஐஜிஎம் ஒன்பது லட்சத்தைத் தொடும். சல்லடைக் கண் சின்னதாக இருந்தால் அல்புமின் ஓரளவு நுழையும், பெரியவை வெளியிலேயே நின்றுவிடும். சல்லடை கிழிந்திருந்தால் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

சொத்தைப் பல் செத்து, வேர் நுனியில் உருவாகும் கட்டி இருக்கிறதே, ரேடிகுலர் சிஸ்ட், அதுதான் தாடையில் அதிகம் காணப்படுவது. அதன் சல்லடை கிழிந்த சல்லடை. சுவர் முழுக்க அழற்சி, குழாய்கள் எல்லாம் ஒழுகுகின்றன, உறையே அங்கங்கே அறுந்து கிடக்கும். அதனால் உள்ளே இருக்கும் நீரில் புரதம் ஏறக்குறைய இரத்தத்தில் உள்ள அளவுக்கு இருக்கும், சிலருக்கு அதையும் தாண்டும். தாண்டுவது எப்படி? சுவரில் குடியேறிய பிளாஸ்மா செல்கள் அங்கேயே உட்கார்ந்து எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்து உள்ளே தள்ளுகின்றன. வெளியிலிருந்து வருவது போதாதென்று உள்ளூர் உற்பத்தி வேறு. இங்கிலாந்தில் பால் டோலர் என்ற வாய் அறுவை மருத்துவர் 1969-இல் ஹோல்பரோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து இதைக் காட்டினார்.

ஓகேசியின் உறை வேறு ஜாதி. ஆறு முதல் எட்டு அடுக்கு செல்கள் சீராக அடுக்கிவைத்தது போல் இருக்கும். மேலே கெரட்டின் படலம். கெரட்டின் என்றால் நம் தோலின் மேற்பரப்பிலும் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே குடும்பத்துப் பொருள். சுவரில் அழற்சியும் பெரும்பாலும் இருக்காது. நம் தோலில் மழை விழுந்தால் உள்ளே இறங்காதே, அந்த மாதிரி. அதனால் புரதம் குறைவாகத்தான் கசிகிறது, கசிவதிலும் அல்புமினே அதிகம். இந்தக் கட்டிக்கு 1956-இல் கெரட்டோசிஸ்ட் என்று பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிலிப்சன். அதன் நீரில் கரைந்த புரதம் குறைவு, அதை வைத்தே ஆபரேஷனுக்கு முன்னால் ஊகிக்கலாம் என்று எண்களோடு நிறுவியவர் மேலே சொன்ன டோலர், 1970-இல். 100 மில்லிக்கு 4 கிராமுக்குக் கீழே இருந்தால் ஓகேசியைச் சந்தேகப்படு, 5-க்கு மேலே போனால் மற்ற வகைகளைப் பார் என்பது அதிலிருந்து வந்த வழக்கம். சில பாடநூல்களில் 5 என்று ஒரே கோடு போட்டிருப்பார்கள். 4-க்கும் 5-க்கும் நடுவில் வந்தால் நான் எதுவும் சொல்வதில்லை. ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு டாக்டருக்குப் போன் போடுவேன்.

உங்கள் அண்ணனின் 3.4 கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அல்புமின் 2.6-ஐக் கழித்தால் குளோபுலின் 0.8 மட்டும். அதாவது அல்புமின், குளோபுலினைப் போல மூன்று மடங்குக்கு மேல். இரத்தத்தில் இந்த விகிதம் ஒன்றரை, போனால் இரண்டு. சின்னது உள்ளே வந்திருக்கிறது, பெரியது வெளியே நின்றிருக்கிறது. சல்லடைக் கணக்கு ஒத்துவருகிறது. என்னைக் கேட்டால் மொத்தப் புரதத்தை விட இந்த விகிதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். ஏன் என்று ஒரு கதை சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாம்பிள் வந்தது. ஃபாரத்தில் "கீழ்த்தாடைக் கட்டி நீர், ஓகேசி சந்தேகம்" என்று எழுதியிருந்தது. டோட்டல் புரோட்டீன் 3.1. டாக்டர் எதிர்பார்த்ததே வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். பேனாவை எடுத்தும் விட்டேன். ஆனால் அல்புமின் 1.7, அப்படியானால் குளோபுலின் 1.4. விகிதம் ஒன்றேகால் பக்கம், இரத்தத்தில் இருப்பதை விட மேலே போகவில்லை. சல்லடை பெரியதையும் சின்னதையும் ஒரே மாதிரி விட்டிருக்கிறது, பிறகு மொத்தம் மட்டும் எப்படிப் பாதியாகும்? நீர் கலந்தால்தான் அப்படி ஆகும். டியூபை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடியது. அனுப்பிய ஹவுஸ் சர்ஜனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பாவம், மறைக்காமல் சொன்னார். ஊசியில் கெட்டியாக ஏதோ அடைத்துக்கொண்டது, வரவில்லை, அதனால் இரண்டு மில்லி சலைன் உள்ளே விட்டுத் திரும்ப இழுத்தேன் என்றார். கடைசியில் அது செத்த பல்லின் வேர்க்கட்டி. கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த நோயாளிக்குத் தேவையில்லாத பெரிய ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்கள். தப்பு அவருடையது மட்டும் என்று சொல்லமாட்டேன். எங்கள் ஃபாரத்தில் "எதையாவது கலந்தீர்களா" என்று கேட்கும் கட்டமே கிடையாது. அன்றைக்கே கையால் எழுதிச் சேர்த்தேன்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. ஊசி குத்தும்போது இரத்தம் கலந்துவிட்டால், ஓகேசி நீரிலும் புரதம் ஏறிவிடும். சாம்பிளைச் சுழற்றிய பிறகு மேலே நிற்கும் நீர் சிவப்பாக இருந்தால் அந்த எண்ணை நான் நம்பமாட்டேன். மரத்துப்போகும் ஊசி மருந்து கட்டிக்குள்ளேயே இறங்கியிருந்தாலும் நீர்த்துப்போன கதைதான். நோயாளியின் இரத்தத்தையும் அதே நேரத்தில் ஒரு டியூப் எடுத்து அனுப்பினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கேட்டால் கொடுப்பார்கள், யாரும் கேட்பதில்லை.

நீர் லேபுக்கு வருவதற்கு முன்னாலேயே கண்ணுக்கு நிறையச் சொல்லிவிடும். வேர்க்கட்டியிலும், முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி வரும் டென்டிஜெரஸ் கட்டியிலும் நீர் வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில், தெளிவாக இருக்கும். கொஞ்சம் பஞ்சிலோ கிட்னி டிரேயிலோ ஊற்றி ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள், ஜிகினா தூவியது போல் மினுக்கும். அது கொலஸ்ட்ரால் படிகம். சிதைந்த செல்களின் சவ்வுகளிலிருந்தும் இரத்த அணுக்களிலிருந்தும் வந்தது, நாம் சாப்பிட்ட முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரு மூலை உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போலத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. ஓகேசியில் வருவது அழுக்கு வெள்ளை, புளித்த தயிரைக் கரைத்தது போல, சில நேரம் தேங்காய் விழுது மாதிரி கெட்டியாக. ஊசியே இழுக்காது. எலும்பில் உறையே இல்லாமல் வெறும் பொந்தாக வரும் ஒரு வகையில் ஊசி போட்டால் காற்றுதான் வரும், அல்லது கொஞ்சம் இரத்தம் கலந்த நீர். மேல்தாடையில் குத்தி வெறும் காற்று வந்தால், அது சைனஸாகவே இருக்கலாம். தடையில்லாமல் புது இரத்தம் பாய்ந்து வந்தால் ஊசியை எடுத்துவிட்டு, கத்தியைத் தொடாமல், அடுத்த ஸ்கேனுக்கு எழுதுவார் விவரம் தெரிந்த டாக்டர். ஊசி போட்டுப் பார்ப்பதன் பெரிய லாபமே இதுதான். இரத்தக் குழாய்க் கட்டியைத் தெரியாமல் திறப்பதிலிருந்து அது காப்பாற்றுகிறது.

லேபில் செய்வது ரொம்ப எளிய வேலை. ஐந்து மில்லி வந்தால் தாராளம், ஒரு மில்லி இருந்தாலும் சமாளிக்கலாம். முதல் சொட்டை எடுத்து ஸ்லைடில் தேய்த்துச் சாயம் போடக் கொடுத்துவிடுவோம். கெரட்டின் செதில்கள் அதில்தான் தெரியும். மிச்சத்தைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் செதில்களும் கசடும் அடியில் போய் அப்பிக்கொள்ளும். மேலே நிற்கும் நீரில்தான் புரதம் பார்க்க வேண்டும், கலக்கிய நீரில் பார்த்தால் கலங்கலே ரீடிங்கைக் கெடுக்கும். புரதத்துக்குப் பையூரெட் முறை. மயில்துத்தம் கலந்த காரக் கரைசலில் புரதம் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறம் வரும். புரதம் எவ்வளவோ அவ்வளவு அடர்த்தி. அதை 540 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். பள்ளிக்கூட லேபில் செய்த பரிசோதனைதான், மெஷின் மட்டும் விலை கூடியது. அந்த மெஷினுக்கு இந்த நீரைக் கண்டால் ஆகாது. ஹையலூரானிக் அமிலம் போன்ற வழவழப்பான பொருட்கள் இருப்பதால் மெல்லிய குழாயில் இழுக்கும்போது அளவு குறைந்துவிடும். அதனால் தாடை நீரை நான் கையால் அளந்து ஊற்றித்தான் பார்ப்பேன், இரண்டு முறை. கெரட்டின் நீரில் கரையாதது என்பதையும் சொல்ல வேண்டும். பை நிறையக் கெரட்டின் இருந்தும் ரிப்போர்ட்டில் புரதம் குறைவாக வருகிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. நாங்கள் அளப்பது கரைந்த புரதத்தை. கெரட்டின் புரதம்தான், ஆனால் அது அடியில் கசடாகக் கிடக்கிறது.

கட்டி ஏன் பெரிதாகிக்கொண்டே போகிறது என்பதற்கும் இந்த நீரில் பதில் தேடினார்கள். அதே டோலர்தான், 1948-லிருந்து. கட்டி நீரின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது அதில் கரைந்துள்ள துகள்களின் செறிவு, இரத்த நீரை விடச் சராசரியாகச் சுமார் 10 மில்லி ஆஸ்மோல் கூடுதல் என்று கண்டார். இதை அளப்பது நீர் எந்த வெப்பநிலையில் பனியாக உறைகிறது என்பதை, அதாவது உறைநிலையை வைத்து. 10 மில்லி ஆஸ்மோல் வித்தியாசம் என்றால் உறைநிலையில் கிட்டத்தட்ட 0.02 டிகிரி வித்தியாசம். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் நடுவில் இருப்பது துகளை விடவே விடாத உறையாக இருந்தால், அந்த 10-க்கே 190 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை எழும் என்பது கணக்கு. உண்மையான உறை அவ்வளவு கறாரானது கிடையாது, சின்னத் துகள்களை விட்டுவிடும். அதனால் நிஜ அழுத்தம் அதை விட எவ்வளவோ குறைவு. இருந்தாலும் திசை தெரிகிறது. செத்த செல்கள் உள்ளே சிதைந்து துகள்களாகின்றன, அவற்றை வெளியேற்ற நிணநீர்க் குழாய் வழி இல்லை, அவை தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. உப்பு போட்ட ஊறுகாய் ஜாடியில் நீர் விடுவதைப் பார்த்த யாருக்கும் இதைப் புரியவைக்க வேண்டாம்.

ஆனால் ஓகேசிக்கு இந்த விளக்கம் அரைகுறை. அழுத்தத்தால் மட்டும் வளர்ந்தால் அது பலூன் மாதிரி எல்லாப் பக்கமும் உப்ப வேண்டும், முகத்தில் வீக்கம் தெரிய வேண்டும். ஓகேசி அப்படி வளர்வதில்லை. எலும்பின் நடுவில் மஜ்ஜை இருக்கும் மெத்தென்ற பகுதி வழியாக முன்னும் பின்னும் ஊர்ந்து போகும், பக்கவாட்டில் அவ்வளவாக வீங்காது. அண்ணனுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் எக்ஸ்ரேயில் மட்டும் தெரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதன் உறையே வேகமாகப் பெருகும் வகை. நீர் தள்ளுவதை விட உறை தானே நகர்ந்துபோகிறது என்று சொல்லலாம்.

எலும்பு கரைவது இன்னொரு கதை. 1973-இல் ஹாரிஸ் குழுவினர் தாடைக் கட்டியின் திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, அது ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற, அழற்சியில் உண்டாகும் பொருளைச் சுரந்து எலும்பைக் கரைக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். பிற்காலத்தில் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல விடும் புரதங்களான இன்டர்லூக்கின்-1 போன்றவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஓகேசியில் இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா கணிசமாக இருக்கிறது. கட்டியில் ஒரு ஓட்டை போட்டு, சிறு குழாய் வைத்து, நீர் தேங்காமல் சில மாதம் விட்டால் அந்த இன்டர்லூக்கின் குறைகிறது, உறை பெருகும் வேகமும் குறைகிறது, எலும்பு திரும்ப வளர ஆரம்பிக்கிறது. டாக்டர் உங்களிடம் "முதலில் குழாய் வைத்துச் சுருக்கிவிட்டு, அப்புறம் எடுக்கலாம்" என்று சொன்னால் அதன் பின்னால் இருப்பது இந்த வேதியியல்தான். கட்டியைத் திறந்துவிடும் யோசனை புதிதில்லை, ஜெர்மனியில் பார்ட்ச் 1892-லேயே இதை எழுதிவிட்டார். ஏன் வேலை செய்கிறது என்று புரியத்தான் நூறு வருடம் ஆனது.

நீரில் ஓகேசிக்கே உரிய ஒரு தனிப் புரதம் கிடைக்குமா என்று எண்பதுகளில் தேடினார்கள். கெரட்டோசிஸ்ட் ஆன்டிஜென் என்று ஒன்றைச் சொன்னார்கள், லாக்டோஃபெரின் என்ற புரதத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். எதுவும் வழக்கமான லேப் டெஸ்டாக நிலைக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய பையூரெட் டெஸ்ட்தான் இன்றும் மிச்சம். மலிவு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி, பயாப்சி எதற்கு?

எண் சல்லடையைச் சொல்கிறது என்றேன். சல்லடையைப் பார்த்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்ல முடியாது. மூன்று இடத்தில் இந்த டெஸ்ட் கால் தடுக்கும்.

முதலாவது, சீழ் பிடித்த ஓகேசி. அழற்சி வந்தால் அங்கேயும் உறை கிழிந்து, புரதம் 5-ஐத் தாண்டி, சாதாரணக் கட்டி போல வேஷம் போடும். இரண்டாவதுதான் எனக்கு எப்போதும் பயம் தருவது. அமெலோபிளாஸ்டோமா என்ற ட்யூமரில் ஒரே பையாக, உள்ளே நீரோடு வரும் ஒரு வகை இருக்கிறது. இளம் வயது, கீழ்த்தாடை, ஞானப்பல் பகுதி. எக்ஸ்ரேயிலும் நீர்க்கட்டி மாதிரியே இருக்கும், நீரும் டென்டிஜெரஸ் கட்டி நீரைப் போலவே புரதம் நிறைந்திருக்கும். அதனால் ரிப்போர்ட்டில் புரதம் அதிகம் என்று வந்தால் "அப்பாடா, சாதாரணக் கட்டி" என்று மூச்சு விடுவது தவறு. குறைவு என்றால் ஒன்றைச் சுட்டுகிறது. அதிகம் என்றால் அது எதையும் தள்ளிவைப்பதில்லை. இந்த டெஸ்டை ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

மூன்றாவது உங்கள் அண்ணன் விஷயத்தில் நேரடியாகப் பொருந்துவது. கெரட்டின் செதில் ஓகேசியில் மட்டும் வருவதில்லை. ஆர்த்தோகெரட்டினைஸ்டு சிஸ்ட் என்று ஒரு தம்பி இருக்கிறான். அதே இடத்தில், அதே வயதில் வருவான், அவன் பையிலும் கெரட்டின்தான். முன்பு இரண்டையும் ஒன்றாகவே எண்ணினார்கள், 2017 வகைப்பாட்டில்தான் தனிப் பெயர் கிடைத்தது. தனியாகப் பிரித்ததற்குக் காரணம், அவனை எடுத்த பிறகு திரும்ப வருவது அபூர்வம். ஓகேசியோ திரும்ப வருவதில் பெயர் போனது. 1963-இல் பின்ட்போர்க், ஹான்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட நோயாளிகள் கணக்கில் 62 சதவீதம் திரும்ப வந்தது. இன்றைய முறைகளில் அவ்வளவு இல்லை, ஆனாலும் கவனிக்காமல் விடக்கூடிய கட்டி கிடையாது. உறை மெல்லியது, இழுத்தால் கிழியும், ஒரு துணுக்கு எலும்பில் ஒட்டிக்கொண்டாலும் போதும். சுவருக்குள்ளேயே குட்டிக் கட்டிகளும் ஒளிந்திருக்கும். அதனால்தான் ஓகேசிக்கு எலும்புக் குழியைச் சுரண்டுவது, மிஞ்சிய செல்களை அழிக்கக் கார்னாய் கரைசல் தடவுவது, வருடக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது என்று இத்தனை ஏற்பாடு. அண்ணனுக்கு இருப்பது இந்தத் தம்பிக் கட்டி என்றால் அதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டையும் பிரிப்பது உறையின் கடைசி அடுக்குச் செல்கள் எப்படி நிற்கின்றன, மேலே இருக்கும் கெரட்டினில் உட்கரு மிச்சமிருக்கிறதா என்பதை வைத்து. அடுக்கைப் பார்க்க அடுக்கோடு ஒரு துண்டு வேண்டும். உதிர்ந்த செதிலை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே டாக்டர் சொல்வது சரி. இன்னொரு ஆஸ்பத்திரி தேடி ஓட வேண்டாம்.

அப்படியானால் நீர் டெஸ்ட் வீணா? இல்லவே இல்லை. ஞானப்பல்லோடு இருக்கும் கட்டி என்றால் பல டாக்டர்கள் அது டென்டிஜெரஸ் என்று எடுத்துக்கொண்டு ஒரே நாளில் பல்லோடு சேர்த்து வழித்தெடுத்துவிடுவார்கள், பயாப்சி முடிவு பிறகு வரும். உங்கள் டாக்டரை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த 3.4-உம் செதிலும்தான். இவ்வளவு மலிவான டெஸ்டுக்கு அந்த வேலை போதும் என்பேன்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முழுத்தாடை எக்ஸ்ரேயில் வேறு எங்காவது கட்டி தெரிகிறதா என்பது ஒன்று. ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால், அல்லது குடும்பத்தில் வேறு யாருக்காவது தாடைக்கட்டி வந்திருந்தால், கோர்லின் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளங்கையில் ஊசிமுனை போன்ற குழிகள், பிளவுபட்ட விலா எலும்பு, தோலில் பேசல் செல் எனப்படும் புற்றுக்கட்டிகள் எல்லாம் அதன் அடையாளம். அதே பிடிசிஎச்1 மரபணுதான் அங்கேயும். ஒரே கட்டி, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, இந்த அடையாளங்களும் இல்லை என்றால் கோர்லின் பற்றிய கவலையை அத்தோடு விட்டுவிடலாம்.

இன்னொன்று நேரம் சம்பந்தப்பட்டது, இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். குழாய் வைத்துச் சுருக்கும் யோசனை இருந்தால், பயாப்சித் துண்டைக் குழாய் வைக்கும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். குழாய் வைத்து மாதங்கள் கழித்துப் பார்த்தால் உறை மாறிப்போய், வாயின் உட்புறத் தோல் போலவே தடித்துவிடும். ஓகேசியின் அடையாளங்கள் மறைந்திருக்கும். ஆபரேஷனில் எடுத்ததைப் பார்த்த பேதாலஜிஸ்ட் "அழற்சியுள்ள சாதாரணக் கட்டி" என்று எழுதிவிடுவார், அவர் கண்ணில் பட்டது அதுதான். பிறகு வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் முதல் பயாப்சி ரிப்போர்ட்டையும் இந்த 3.4 எழுதிய தாளையும் ஒரே ஃபைலில் போட்டு வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனில் எடுத்ததை அனுப்பும் ஃபாரத்தில் "குழாய் வைத்திருந்தோம், முதல் பயாப்சியில் இன்னது" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.